டீசல் எஞ்சினில் ஃபயர்மேனுக்கு என்ன வேலை?

பல் டாக்டரைக் கண்டால் ஊரில் பாதிப் பேருக்குப் பயம். கடைத்தெருவில் அவர் எதிரே வந்தால், நன்றாகத் தெரிந்தவர்கள்கூட வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். அவர் சிரித்தால் இன்னும் மோசம். தங்கள் பல்லைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. அங்கே பயப்படுகிற ஆள் அவர் ஒருவர்தான். யாரும் யாருக்கும் பயப்படாமல் அவர் நிம்மதியாக மூச்சு விட்ட இடம் என்று பார்த்தால், அது அவருடைய மைத்துனன் வைத்திருந்த எலக்ட்ரிக் கடையின் மாடி அறை.

மின்விசிறிப் பெட்டிகளையும் ஒயர் சுருள்களையும் ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, மிச்ச இடம் முழுவதும் ஒரு பெரிய மேஜை போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு நாடே இருந்தது. பழைய செய்தித்தாளை ஊறவைத்துச் செய்த மலை, அதைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை, பச்சை சாயம் ஏற்றிய ஸ்பஞ்சுத் துண்டு மரங்கள், இரண்டு ஸ்டேஷன்கள், இவற்றைச் சுற்றி ஓடும் விரலகலத் தண்டவாளம். மேஜை ரயில் கழகம் என்று பெயர். உறுப்பினர்கள் நாலே பேர்.

மற்ற ஊர் ரயில் கழகங்களில் எப்படியோ, இங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. மாதம் ஒரு கூட்டம். ஒரு கூட்டம் என்றால் மேஜைமேல் ஒரு வருடம். கழகத் தலைவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். எந்த வருடத்துக் கூட்டமோ அந்த வருடத்தில் உலகத்து ரயில்களில் எது இருந்ததோ அது மட்டும்தான் மேஜையில் இருக்கலாம். ஒரு வருடம் கழித்து வரவேண்டிய விளக்குக் கம்பத்தைக்கூட அவர் இடுக்கியால் பிடுங்கி வெளியே வைத்துவிடுவார். உலகப் போர் நடந்த வருடங்களில், குண்டுவீச்சு விமானத்துக்குப் பயந்து, அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் வண்டி ஓட்டினார்கள். அந்தச் சில மாதங்களில் கவிழ்ந்த வண்டிகளுக்குக் கணக்கே இல்லை.

இந்த நாட்டில் டாக்டருக்கு ஃபயர்மேன் வேலை. நிஜ ரயிலில் ஃபயர்மேன் என்ன செய்வார்? எஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுவார். இவரும் அதையேதான் செய்தார். வண்டி ஸ்டேஷனில் நின்றதும், பல் சொத்தையைச் சுரண்டுகிற குட்டிக் கரண்டியால், கடுகைவிடச் சின்னதாகப் பொடித்துச் சலித்த நிஜமான கரியை எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தொட்டியிலிருந்து எடுத்து, முன்னால் இருந்த அடுப்புத் துளைக்குள் போடுவார். மூன்று கரண்டி. பிறகு, "ஆவி ரெடி!" என்பார். அதைச் சொன்ன பிறகுதான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். எஞ்சின் மின்சாரத்தில்தான் ஓடியது, கரி அடியில் இருந்த தட்டில் போய் விழுந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டாக்டருக்குத் தும்மல் வந்து கரி சிந்திய ஒரு நாள், அவர் மறுபடி மூன்று கரண்டி போட்டு முடிக்கும்வரை வண்டி ஸ்டேஷனை விட்டு நகரவில்லை. சட்டம் என்றால் சட்டம்.

டிரைவர் அவருடைய மைத்துனன். கடை அவனுடையது, அறை அவனுடையது, ஆகவே வண்டியை ஓட்டுகிற கைப்பிடியும் அவனுடையது. கைப்பிடிக்கு முன்னால் இருவர் உட்காரும் ஒரு பெஞ்சு. எஞ்சின் ஆட்களைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. மற்றவர்களுக்கு, குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல். மாதம் ஒரு முறை அந்தப் பெஞ்சில் மைத்துனனின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, கை முழுக்கக் கரியோடு, ஒருவன் சொன்ன வேலையை மட்டும் செய்துகொண்டிருப்பதில் டாக்டருக்கு அப்படி ஒரு சுகம்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

அன்றைக்குக் கூட்டத்தில் மைத்துனன் மேஜைமேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தான். எல்லோரும் வந்ததும் மந்திரவாதி மாதிரி உருவினான். உள்ளே நீலமும் மஞ்சளுமாக, மழுங்கிய மூக்கோடு, சோப்புக்கட்டி போல ஒரு எஞ்சின்.

"எப்படி மாமா?"

டாக்டர் குனிந்து ஒரு சுற்று பார்த்தார். "புகைபோக்கி எங்க மாப்ளே?"

"அது கிடையாது."

"கரித் தொட்டி?"

"அதுவும் கிடையாது. இது டீசல்."

"அப்ப நான்?"

மைத்துனன் வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

"உள்ள ஒரு டீசல் எஞ்சின் ஓடும் மாமா," என்று மைத்துனன் பேச்சை மாற்றினான். "ஆனா அது சக்கரத்தைச் சுத்தாது. ஜெனரேட்டரைச் சுத்தும். ஜெனரேட்டர் கரண்ட் குடுக்கும். கரண்ட் மோட்டாருக்குப் போகும். மோட்டார்தான் சக்கரத்தைச் சுத்தும்."

"அப்ப உன் கடையையே தூக்கித் தண்டவாளத்துல வச்சுட்டேன்னு சொல்லு," என்றார் தையல்கார அக்கா. அவர்தான் நாலாவது உறுப்பினர். இரண்டு ஸ்டேஷன்களும் அவர் பொறுப்பு. பிளாட்பாரத்தில் நின்ற நகத்தளவு மனிதர்களுக்கு, வருடத்துக்கு வருடம் நாகரிகம் மாற மாற, ஒற்றை மயிர்த் தூரிகையால் புதுச் சட்டை வரைவதும் அவர்தான்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். வாத்தியார் செருமினால் சரித்திரம் வரும்.

"நாம ஒத்துக்கத்தான் வேணும் டாக்டர். ஆவி எஞ்சினைக் கிளப்பவே பல மணி நேரம் ஆகும். தண்ணி பிடிக்கணும், சாம்பல் அள்ளணும், குழாயைச் சுத்தம் பண்ணணும். முதல்ல யார்டுல பெட்டி தள்ளுறதுக்குத்தான் டீசலை விட்டாங்க. அப்புறம் பளபளன்னு பயணி வண்டிக்கு வந்துச்சு, அப்புறம் சரக்கு வண்டிக்கு. ரெண்டு மூணு எஞ்சினைக் கோத்து ஒரே ஒரு டிரைவர் ஓட்டினார். போருக்கு அப்புறம் நாடு நாடா ஆவி எஞ்சினைக் கைகழுவிட்டாங்க. நம்ம மேஜையிலயும் அந்த வருஷம் வந்தாச்சு."

"நான் என்ன செய்யட்டும்?"

"ஸ்டூல்ல உக்காந்து பாருங்களேன். நிம்மதி," என்றார் தையல்கார அக்கா. "கையும் கரியாகாது. டீ டம்ளர்லயெல்லாம் உங்க கட்டைவிரல் அடையாளம் இருக்கு."

டாக்டர் குட்டிக் கரண்டியைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகினார். முகத்தில் ஈயாடவில்லை. மைத்துனனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாத்தியாரும் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: புது எஞ்சின் ஓடப்போவது அடுத்த கூட்டத்தில்தான். அதற்குள் டீசல் எஞ்சினில் இரண்டாவது ஆளுக்கு வேலை இருந்தது என்று சரித்திரத்திலிருந்து டாக்டர் எடுத்துக் காட்டினால், பெஞ்சில் அவருக்கு இடம் உண்டு. இல்லையென்றால் ஸ்டூல்.

அந்த மாதம் முழுவதும் டாக்டர் டீசலாகவே பேசினார். கிளினிக்கில் நாற்காலியில் சாய்ந்தவர்கள் தப்பிக்க முடியாது.

"டீசலுக்குத் தீப்பொறியே வேண்டாம், தெரியுமா? காத்தைப் போட்டு நெருக்கு நெருக்குன்னு நெருக்கினா சூடாயிடும். அதுல எண்ணெயைப் பீய்ச்சினா தானா பத்திக்கும்."

"ஆ," என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"அதேதான். ஆனா அதுக்காக ஒரு மனுஷனை எறக்கி விட்டுடறதா?"

"ஆ ஆ."

"பாருங்க, உங்களுக்குப் புரியுது."

கடைசியில் அவருக்கு இரண்டு விஷயங்கள் கிடைத்தன. இரண்டையும் படித்து முடித்த கையோடு, அடுத்த நோயாளியைக்கூடக் கூப்பிடாமல் வாத்தியாருக்குப் போன் போட்டார்.

"சார், பல நாட்டுல டீசல் வந்த பிறகும் ஃபயர்மேனை எறக்கல! அள்ள கரியே இல்லாம வருஷக்கணக்கா டிரைவர் பக்கத்துல உக்காந்து வந்திருக்கார். சம்பளத்தோட!"

"தெரியும் டாக்டர். அது தொழிற்சங்கம் போராடி வாங்கினது. நமக்குச் சங்கம் இருக்கா?"

"நான் இருக்கேனே."

"ஒருத்தர் சங்கமாக முடியாது. அடுத்தது?"

"முதல்ல வந்த டீசல் எஞ்சின்ல ஒரு சின்ன கொதிகலன் வச்சிருக்காங்க சார். பெட்டியையெல்லாம் ஆவியாலதானே கதகதப்பா வச்சாங்க? ஆவி எஞ்சின் போனதும் அதுக்கு வழியில்லாம, டீசலுக்குள்ளயே ஒரு கொதிகலனை வச்சு, அதைப் பாத்துக்க ரெண்டாவது ஆளையும் வச்சிருக்காங்க."

மறுமுனையில் புத்தகம் புரட்டுகிற சத்தம் கேட்டது. வாத்தியார் மடங்குகிறார் என்று டாக்டருக்குப் புரிந்தது.

"இது சரியான பாயிண்ட்தான்," என்றார் வாத்தியார். "ஆனா கதகதப்பு குளிர்காலத்துக்குத்தானே வேணும்? நம்ம மேஜையில வெயில் காலம். மரமெல்லாம் பச்சையா நிக்குது. பயணிகளைப் போய்ப் பாருங்க."

டாக்டர் அன்று மாலையே தையல்கார அக்காவின் கடைக்குப் போனார். பயணிகளுக்கெல்லாம் ஒரு ஸ்வெட்டர் வரைந்து தர முடியுமா என்று குழைந்தார்.

அக்கா தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "எல்லாரும் அரைக்கைச் சட்டை. ஒரு அம்மா குடை வேற பிடிச்சிருக்கு, வெயிலுக்கு. முதல்ல குளிரைக் கொண்டா தம்பி, அப்புறம் ஸ்வெட்டரைப் பத்திப் பேசலாம்."

குளிரைக் கொண்டுவருவது என்று டாக்டர் முடிவு செய்தது அங்கேதான்.

கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மைத்துனன் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, டாக்டர் மனைவியிடம் மாற்றுச் சாவி கேட்டார்.

"என்னங்க, முகமே சரியில்லையே. அந்தப் பயல் ஏதாவது சொன்னானா? நான் ஒரு வார்த்தை கேக்கறேன் அவனை."

"வேண்டவே வேண்டாம். இது ரயில்வே விஷயம். அவன் அக்கா உன்னைக் கூட்டிட்டு வந்தா சிபாரிசுன்னு ஆயிடும்."

மாடிக்கு ஏறும்போது அவர் கையில் ஒரு பை இருந்தது. பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு. டாக்டர் அதைத் தினமும் தண்ணீரில் குழைத்து, கெட்டியானதும் அதில் ஆட்களின் பல்வரிசையைப் பார்ப்பவர். மேஜையோரம் நின்று, டீ வடிகட்டியில் மாவைப் போட்டு, மலைமேல் மெதுவாகத் தட்டினார். பனி விழுந்தது. உண்மையிலேயே பனி போலத்தான் விழுந்தது. மரங்கள் வெளுத்தன. ஸ்டேஷன் கூரை வெளுத்தது. குடை பிடித்த அம்மாளுக்கு அந்தக் குடை கடைசியில் பயன்பட்டது. பிளாட்பாரத்தில் நின்ற புது டீசல்மேலும், அதன் சக்கரங்களைச் சுற்றியும், தண்டவாளத்தின்மேலும் தாராளமாகத் தூவினார். டாக்டருக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அந்த அறைக்குள் கால் வைத்தால் அவர் பல் டாக்டர் இல்லை. அந்த மூளையைச் செருப்போடு சேர்த்து மாடிப்படியிலேயே விட்டுவிட்டு வருவார். உள்ளே இருந்தது மேஜை ரயில்காரர். மேஜை ரயில்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்டவாளத்து ஜல்லி, புல், மணல் என்று எதைத் தூவினாலும், மறுபடி பறக்காமலிருக்க, மேலே பசைத்தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிப்பான் ஜன்னலோரத்தில் எப்போதும் நிறைந்திருக்கும். டாக்டரின் கை தானாக அதற்குப் போனது. மலையிலிருந்து ஸ்டேஷன் வரை, ஒரு மூலை விடாமல், புஸ் புஸ் என்று தெளித்தார்.

அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, திருப்தியாகத் தன் குளிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பனியின் பளபளப்பு மங்குவது தெரிந்தது. அந்த மங்கலை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்கே? தினமும். கிளினிக்கில். மாவு இறுகும்போது.

டாக்டர் பாய்ந்து எஞ்சினைப் பிடித்துத் தூக்கினார். எஞ்சின் வரவில்லை. மேஜையின் அந்த மூலையே கூட எழும்பியது.

முதலில் வந்தவன் மைத்துனன். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமா. என்ன மாமா இது?"

"குளிர்காலம் மாப்ளே."

மைத்துனன் கைப்பிடியைத் திருகினான். எஞ்சினுக்குள் பாவம் போல ஒரு முனகல் கேட்டது; சக்கரம் அசையவில்லை. "என் டீசலு!" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டபோது வாத்தியாரும் தையல்கார அக்காவும் வந்து சேர்ந்தார்கள். அக்கா நகத்தால் பனியைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"நான் குளிரைக் கொண்டான்னுதான் சொன்னேன். சமாதி கட்டச் சொல்லலை."

"திட்டறதை அப்புறம் திட்டுங்க," என்றார் டாக்டர். மாடிப்படியில் விட்டுவந்த மூளை திரும்பி வந்துவிட்டிருந்தது. "மாப்ளே, கிளினிக்குப் போய் என் கருவிப் பெட்டியை எடுத்துட்டு வா. சார், மேஜை விளக்கை இப்படித் திருப்புங்க. அக்கா, பஞ்சு."

மூன்று பேரும் மறுபேச்சுப் பேசாமல் ஓடினார்கள். பல்லில் படிந்த காரையைச் சுரண்டுகிற கொக்கியால் சக்கரம் சக்கரமாக, தண்டவாளத்தின் இடுக்கு இடுக்காக டாக்டர் எடுத்துக்கொண்டே போனார். அக்கா பஞ்சு கொடுத்தார். மைத்துனன் ஊது பம்பால் தூளை ஊதினான். எஞ்சினின் மூக்குப் பக்கம் வந்தபோது டாக்டர் பழக்கதோஷத்தில் குனிந்து, "வலிச்சா கையைத் தூக்குங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார், எஞ்சின் கையைத் தூக்குமோ என்பதைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்கு முன் எஞ்சின் கையோடு வந்துவிட்டது. மைத்துனன் அதை மார்போடு அணைத்துக்கொண்டுபோய்த் தனித் தண்டவாளத் துண்டில் வைத்து மின்சாரம் கொடுத்தான். சக்கரம் சுற்றியது. ஓட்டுவதற்குப் பிளாட்பாரப் பாதையும் ஒரு சுற்றும் சுத்தமாகியிருந்தன. மலை மட்டும் இன்னும் சில வருடங்களுக்கு, அதாவது சில மாதங்களுக்கு, பனிமலையாகத்தான் இருக்கும்.

உயிர் வந்ததும் கோபமும் வந்தது. "சார், இதுக்கு ஒரு விசாரணை வேணும்," என்றான் மைத்துனன். "மாமாங்கறதுக்காக விட முடியாது. கடுமையான தண்டனை குடுங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உட்கார்ந்து, செருமினார்.

"நடந்தது எஞ்சின் சம்பந்தப்பட்ட குற்றம். ரயில்வே விசாரணைன்னா, எஞ்சின் ஆள் மேலதான் நடவடிக்கை எடுக்க முடியும். டாக்டர், நீங்க எந்தப் பதவியில இருந்து இதைச் செஞ்சீங்க?"

"பதவியா? அதுக்காகத்தானே சார் செஞ்சேன்."

"அதான் சிக்கல். உங்க பழைய பதவி போன கூட்டத்தோட முடிஞ்சுது. புதுப் பதவி இன்னும் வரலை. இப்ப நீங்க வெறும் வெளியாள். வெளியாளை ரயில்வே எப்படித் தண்டிக்கும்?"

"அப்ப சும்மா விட்டுடுவீங்களா?" மைத்துனன் துள்ளினான்.

"எப்படி விட முடியும்? ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல." வாத்தியார் யோசித்தார். அந்த யோசனையில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது என்பது தையல்கார அக்காவின் பிற்காலக் கருத்து. "தண்டிக்கணும்னா முதல்ல நியமிக்கணும். போன கூட்டத்துத் தேதியில இருந்து டாக்டரை இந்த டீசல் எஞ்சினுக்கு உதவி டிரைவரா நியமிக்கிறேன். ஆட்சேபணை இருக்கா?"

"இல்ல! சீக்கிரம் நியமிங்க!" என்றான் மைத்துனன்.

"நியமிச்சாச்சு. உதவி டிரைவரே, பணியில இருக்கும்போது எஞ்சினை மாவுல புதைச்சதுக்காக உங்களை ஒரு வருஷம், அதாவது அடுத்த கூட்டம் வரைக்கும், சஸ்பெண்ட் பண்றேன்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. அவர் அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டார். "என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க!" என்று கத்தினார்.

"ஐயையோ, யாருங்க? கிளினிக்கை மூடிட்டாங்களா?" என்று மனைவி அலறியது கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

"இல்லை இல்லை, நல்ல விஷயம்தான்! வேலை இருக்கிறவனைத்தானே சஸ்பெண்ட் பண்ண முடியும்!"

மைத்துனனுக்கும் திருப்திதான். பெஞ்சில் போய்ச் சட்டமாக உட்கார்ந்தான். எஞ்சினைப் பிளாட்பாரத்தில் வைத்து, இரண்டு பெட்டிகளைக் கோத்து, கைப்பிடியில் கை வைத்தான்.

"நில்லுப்பா," என்றார் வாத்தியார். "உதவி டிரைவர் எங்க?"

"சஸ்பென்ஷன்ல சார். நீங்கதானே பண்ணீங்க."

"இப்ப இந்த எஞ்சினுக்கு டிரைவர், உதவி டிரைவர்னு ரெண்டு பதவி இருக்கு. ஒண்ணு காலியா இருக்கும்போது வண்டி எப்படிக் கிளம்பும்? அடுத்த கூட்டத்துக்கு வா."

மைத்துனன் பெஞ்சில் தன் பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்தான். நீலமும் மஞ்சளுமாகப் பளபளத்த எஞ்சினைப் பார்த்தான். மெல்லத் திரும்பி, ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான்.

"மாமா."

"என்ன மாப்ளே?"

"சார்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுருங்களேன். நான் வண்டி எடுக்கணும்."

"சஸ்பென்ஷன்ல இருக்கிறவன் எஞ்சின் விஷயமா பேசக் கூடாது மாப்ளே. மேல்முறையீடு வேணும்னா டிரைவர்தான் பண்ணணும். இல்லீங்களா சார்?"

"அதுதான் முறை," என்றார் வாத்தியார்.

மைத்துனன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாத்தியார் முன்னால் கை கட்டி நின்றான். "சார், அவரு நல்ல மனுஷன் சார். ஏதோ கை தவறிப் போச்சு. பிள்ளைகுட்டிக்காரர். அவர் இல்லாம ஒரு நாளும் நான் வண்டி எடுத்ததில்லை சார். பக்கத்துல அவரு இடிச்சுக்கிட்டு உக்காந்தாத்தான் எனக்குக் கை நிக்கும்."

"எனக்கு மனசு இளகலையே," என்றார் தையல்கார அக்கா. "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவன் இன்னும் ஒரே ஒரு தடவை சொன்னால் தேவலை என்று அவருக்கும் தோன்றியது.